அலமாரியில் ஓடிக்கொண்டிருந்த உலகம்

என் கணவர் கப்பலுக்குத் திரும்பிப் போன மூன்றாவது வாரம், கைப்பேசித் திரையில் அவர் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றுவிட்டது. ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். "அங்க மழை" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. நானும் மாமியாரும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, நடுவே தலையணையில் சாய்த்து வைத்திருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மந்தைவெளியில் அப்போது நிஜமாகவே மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் மழையைப் பற்றிக் கேட்டாரா, தன் மழையைப் பற்றிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"கட்டாயிடுத்து," என்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்து உள்ளே போனார்.

என் கணவர் சரக்குக் கப்பலில் பொறியாளர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம். அவர்கள் மயிலாப்பூரில் தலைமுறைகளாக இருப்பவர்கள். நாங்கள் தெற்கிலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். நாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம் என்றாலும் இரண்டு வீட்டிலும் யாரும் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாத வீடுகளில் பேச்சு குறைவாக இருக்கும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் கிளம்பிப் போனதும் அந்த இரண்டு படுக்கையறை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் மிஞ்சினோம். மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்பதுகூட எனக்கு முடிவாகவில்லை. எங்கள் பக்கம் அத்தை என்போம். அந்த வீட்டில் அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அம்மா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இரண்டு வருடம் ஓட்டினேன். எதிரே போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு பேசுவேன்.

அடுத்த நாள் கணவரிடமிருந்து எழுத்தில் செய்தி வந்தது. கப்பலில் எல்லோருக்கும் இணையத்தை அளந்துதான் கொடுக்கிறார்கள், வீடியோ அதை ஒரே மிடறில் குடித்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். ஆனால் அவருடன் வேலை செய்யும் ஒருவர் கட்டைகளை அடுக்கி வீடு, மலை, பாலம் எல்லாம் கட்டுகிற விளையாட்டு ஒன்றை விளையாடுகிறாராம். யாரோ தன்னார்வலர்கள் இலவசமாகத் தருவது. அதற்கு மிகக் கொஞ்சம் இணையம் போதும். இவரும் அதில் நுழைந்து பார்த்திருக்கிறார். ஆனால் விளையாட்டை எல்லோருக்கும் பொதுவாக ஓட்டும் சர்வர் கணினிகளில் கொஞ்சம் தாமதமாகப் பதில் போனாலும் ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடுகிறார்கள். 'நமக்கே நமக்குன்னு ஒண்ணு இருந்தா, எவ்வளவு லேட்டா வந்தாலும் உள்ள விடலாம் இல்ல?' என்று கேட்டிருந்தார்.

நான் பெரியப்பாவின் கடையில் பில் போடும் கணினிகளையும் சரக்குக் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கணினிகள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுபவை. ஏதாவது நின்றுபோனால் கறுப்புத் திரையில் நாலைந்து கட்டளைகள் தட்டி எழுப்பிவிடத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதனால், மாதம் இரண்டு முறை கடைக் கணினிகளைப் பார்க்க வரும் பட்டினப்பாக்கத்து அண்ணனிடம் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். பிரிண்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கும்மா வீட்டுக்கு சர்வரு? அங்கயும் துணி விக்கப் போறியா?"

"விளையாடறதுக்கு அண்ணே. அவரு கப்பல்ல இருந்து வருவாரு. நான் இங்கருந்து போவேன்."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க மாமன்கூட கடலுக்குப் போய்க்கினுதான் கீறாரு. வெடிகாலைல போனா மத்தியானம் சோத்துக்கு வந்துருவாரு. உங்க ஊட்டுக்காரரு மாசக்கணக்கா இல்ல போறாரு." மறுபடியும் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த முறை வரும்போது மஞ்சள் பையில் ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "சும்மாதான் கெடந்துச்சு. ஸ்கிரீன்ல ஒரு கோடு வுழும், அத்த கண்டுக்காத. உள்ள ஸ்ட்ராங்கா கீது. பேட்டரி இருக்கறதால கரெண்டு போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு ஆரம்பித்தேன். ஹாலில் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து அங்கே அதை வைத்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, படமும் ஜன்னலும் இல்லாத வெறும் எழுத்து லினக்ஸை ஏற்றினேன். மூடியைச் சாத்தினாலும் தூங்கக் கூடாது என்று அதற்கு ஒரு வரி எழுதிவைத்தேன். விளையாட்டுக்கென்று தனியாக ஒரு பயனரை உண்டாக்கி, கோப்புகள் வைக்கும் ஒரு அடைவை மட்டும் அதற்குச் சொந்தமாக்கினேன். வீட்டில் வாடகைக்கு ஒரு அறை விட்டு, மற்ற அறைகளின் சாவியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதைப் போல. பிறகு விளையாட்டின் சர்வர் மென்பொருளை இறக்கி, அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். நீளமான கோப்பு. ஒவ்வொரு வரியும் அந்த உலகத்தைப் பற்றிய ஒரு சிறிய கேள்வி. பகல் எவ்வளவு நீளம்? மழை பெய்யுமா? விழுந்தால் அடிபடுமா? எத்தனை பேர் வரலாம்? யார் யார் வரலாம்? கடைசியில், எத்தனை நொடி பதில் வராவிட்டால் வெளியே அனுப்புவது? அதில் முப்பது என்று இருந்தது. அதை முந்நூறு என்று மாற்றினேன். ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தாலும் அவர் அங்கேயே நிற்கலாம்.

ஒரு தடை மட்டும் மிச்சம் இருந்தது. இணைய இணைப்பு கொடுப்பவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"மேடம், உங்க தெரு முழுக்க ஒரே அட்ரஸ்லதான் வெளிய போகுது. நீங்க வெளிய போகலாம். வெளிய இருந்து நேரா உங்க வீட்டுக்கு யாரும் வர முடியாது."

"அப்போ வர்றதுக்கு என்ன செய்யணும்?"

"அது பாக்கணும் மேடம்," என்று வைத்துவிட்டார்.

வாசல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், நான் கேட்காமலே பேசினார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"பெரிய ஆபீஸ்ல ஒரே நம்பர்தான் இருக்கும். வெளியிலேர்ந்து கூப்பிட்டா போர்டுல இருக்கறவ எடுத்து உள்ள கொடுக்கணும். நீ டைரக்ட் லைன் வேணும்னு கேளு. தனி நம்பர்."

அவர் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த வேலையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மறுபடியும் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டும் தனி முகவரி வேண்டும் என்று சொன்னேன். அந்த வார்த்தை அவர்களுக்கும் புரிந்தது. இரண்டு நாளில் கொடுத்தார்கள்.

ரவுட்டரில் விளையாட்டுக்கு ஒன்று, கடையிலிருந்து நான் நுழைய ஒன்று என்று இரண்டே கதவுகளைத் திறந்துவிட்டு, கட்டளையைத் தட்டினேன். திரையில் வரிகள் ஓடின. நிலம் உருவாகிறது. மலைகள் உருவாகின்றன. நீர் நிரம்புகிறது. பழைய மடிக்கணினியின் விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்தது. அலமாரிக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதைப் போல இருந்தது. கடைசி வரியில், இன்ன வாசலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி நின்றது.

மாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். "கேட்டுண்டே இருக்குமா?"

"ஆமா. யாராவது வர்ற வரைக்கும்."

"யாரும் வரலேன்னா?"

"அப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"ம்," என்றார். அதில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

முகவரியை எழுதி அனுப்பிய பிறகு, கணவர் முதன்முதலாக உள்ளே வந்தது ஒரு காலை ஆறரை மணிக்கு. அவருக்கு அது என்ன நேரமோ. தெருவில் பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் என்னுடைய கணினியில், எங்கள் உலகத்தின் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். இன்னார் வந்திருக்கிறார் என்று ஒரு வரி திரையின் மூலையில் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் மணலில் ஓர் உருவம். கட்டம் கட்டமான முகம், நீலச் சட்டை. அது நடக்கவில்லை. ஓரிடத்தில் நிற்கும், பிறகு பத்தடி தள்ளி நிற்கும். நடுவில் நடந்த நடை கடலில் எங்கோ போய்விட்டது. என்னைத் தாண்டிப் போய், தண்ணீரில் இறங்கி, மறுபடியும் என் பக்கத்தில் தோன்றியது.

'இருக்கியா?' என்று எழுதினார்.

'இருக்கேன்.'

அந்த உலகத்தின் சூரியன் இருபது நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். நாங்கள் ஒன்றும் செய்யாமல் நின்றோம். வானம் ஆரஞ்சாகி, கறுத்து, மீண்டும் வெளுத்தது. வீடியோவில் பேசும்போது எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சாப்பிட்டாயா, மழையா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா. இங்கே சும்மா நிற்க முடிந்தது. பட்டினப்பாக்கம் மணலில், கல்யாணத்துக்கு முன்பு ஒரு மாலை முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அப்படி ஓர் அமைதி எங்களுக்குக் கிடைத்தது இங்கேதான்.

மார்கழி முழுக்க அப்படியே போயிற்று. தெருக்கோடி ஒலிபெருக்கியில் பாட்டு வரும், ஜன்னலில் ஈரக்காற்று வரும், நான் போர்வைக்குள் உட்கார்ந்து அவரோடு மலை மேல் ஒரு வீடு கட்டுவேன். பிறகு கடைக்குக் கிளம்புவேன். பாண்டி பஜார் பக்கம் நடக்கும்போதும் கால் அந்த மணலில் நடப்பதைப் போலவே இருக்கும். துணி அடுக்குகளைப் பார்த்தால் கட்டைகளாகத் தெரியும். மயில்கழுத்துப் பச்சைப் பட்டில் ஒரு கடல் கட்டலாம் என்று தோன்றும். வாடிக்கையாளர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவேன்.

பொங்கல் கழிந்ததும் அவருடைய கப்பல் வேறு பக்கம் போனது. அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் எங்களுக்கு மத்தியானமாகிவிட்டது. நான் கடையில் இருக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும் என்றானது. அந்த வாரம் ஒரு நாள் நான் கிளம்பும்போது, மாமியார் என் எதிரே வந்து நின்றார்.

"மத்தியானம் அவன் அங்க வந்து தனியா நின்னுண்டிருப்பானோ?"

"ஆமா. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிருவாரு."

"நான் போய் நிக்கலாமா?"

அவருடைய டேப்லெட்டில் விளையாட்டை ஏற்றினேன். வரலாம் என்ற பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். என்ன பெயர் வைக்க என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பதினாலுன்னு போடு," என்றார். நிலையத்தில் அவர் உட்கார்ந்த இருக்கையின் எண்ணாம். முதல் நாள் அவர் நேராகக் கடலுக்குள் நடந்து மூழ்கினார். இரண்டாவது தடவையும் மூழ்கினார். மூன்றாவது தடவை மூழ்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு தினமும் மத்தியானம் தாயும் மகனும் அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனால் மலை மாறியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட சுவர் எழும்பியிருந்தது. அதில் மூன்று வரிசை விளக்குகள், வரிசைக்கு எட்டு. ஒவ்வொன்றின் கீழும் சிறிய பலகையில் ஓர் ஊர்ப் பெயர். மதுரை, கோயம்புத்தூர், நாகர்கோவில், கடலூர். உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் குடிசைகள் போட்டு, அங்கிருந்து தரைக்கடியில் கம்பி இழுத்திருந்தார் கணவர். குடிசையில் பொத்தானை அழுத்தினால் சுவரில் விளக்கு எரியும். அவர் காட்டையும் ஆற்றையும் தாண்டித் தாவித் தாவிப் போய் ஒரு குடிசையில் அழுத்துவார். சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பதினாலு, ஒற்றை விரலால் தட்டுவார்: 'கோயம்புத்தூர், சொல்லுங்கோ.'

மாசி மாதத்தில், கப்பலின் செயற்கைக்கோள் கருவி பழுதாகிவிட்டது. எல்லோரும் நலம், பத்து நாள் தொடர்பு இருக்காது என்று கம்பெனி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அந்தப் பத்து நாளின் இரண்டாவது நாள்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

மடிக்கணினியில் இடம் நிறைந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்பு, மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், உலகத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். உலகம் இருந்த அடைவின் பெயர் world. பிரதியின் பெயர் world_old. இனி அந்தப் பிரதி எதற்கு, அதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். சர்வரை நிறுத்தினேன். அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். வேகத்தில் world என்பதற்குப் பிறகு கட்டை விரல் இடைவெளி விசையில் பட்டுவிட்டது. ஒரு வெற்றிடம். அவ்வளவுதான். கணினிக்கு அது இரண்டு பெயர்கள். முதல் பெயரை அழித்துவிட்டு, _old என்று எதுவும் இல்லையே என்று பணிவாகச் சொன்னது.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். அடைவைத் திறந்து பார்த்தேன். பழைய பிரதி அப்படியே இருந்தது. உயிரோடு இருந்த உலகத்தைக் காணோம். சுவர் கட்ட ஆரம்பிப்பதற்கு முன்பு எடுத்த பிரதி அது. பட்டினப்பாக்கத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அழிச்சது அழிச்சதுதாம்மா," என்றார். "குப்பைத்தொட்டி இன்னான்றது அதுக்குத் தெரியாது. பழைய காப்பி கீது இல்ல? அத்தப் போட்டு ஓட்டு. வேற வழி இல்ல."

ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் எதிரே போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. என் நிழல் பட்டிருந்தால் நிமிர்ந்திருப்பார், ஆனால் அன்று வெளிச்சம் என் பின்னால் இல்லை. இன்னும் காத்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"அம்மா," என்றேன்.

கத்தி நின்றது.

"அம்மா, நீங்களும் அவரும் கட்டின சுவரு... எல்லாம் போயிருச்சு. நாந்தான் அழிச்சிட்டேன். தெரியாம."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். விளையாட்டுக்காக இவ்வளவு அழுகிறோமே என்று அந்த நேரத்திலும் ஒரு வெட்கம் இருந்தது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். டேப்லெட்டை எடுத்தார். நான் பழைய பிரதியை அதன் இடத்துக்கு மாற்றி சர்வரை மறுபடி எழுப்பினேன். அவர் உள்ளே நுழைந்து மலை மேல் ஏறினார். சுவர் இருந்த இடத்தில் புல் இருந்தது. ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த உலகத்தில் சாயங்காலம் ஆகி, இருட்டி, விடியும் வரை அங்கேயே நின்றார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"எந்த விளக்கு எங்க இருந்ததுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எனக்கு இருக்கு. உள்ள வா."

கடையில் பெரியப்பாவிடம் நான்கு நாள் அரை நாள் விடுமுறை கேட்டேன். என்ன காரணம் என்றார். வீட்டில் ஒரு சுவர் விழுந்துவிட்டது என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மத்தியானங்கள் இப்போதும் ஒரு நீளமான, ஒரே மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஜன்னல் திரையின் மஞ்சள் வெளிச்சம், அலமாரியில் விசிறியின் மூச்சு, கீழே காய்கறி வண்டிக்காரரின் குரல் தேய்ந்துபோவது. ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். திரைக்குள் அவர் புல்லில் நின்று சொல்லச் சொல்ல நான் கட்டைகளை அடுக்கினேன். மேல் வரிசை இடமிருந்து மூன்றாவது திருச்சி. அதற்குக் கீழே கும்பகோணம். ஒவ்வொரு ஊரோடும் ஒரு பேச்சு வந்தது. ஒரு ஊரின் ஆபரேட்டரோடு பதினோரு வருடம் தினமும் பேசியிருக்கிறார், முகம் பார்த்ததில்லை. இன்னொரு ஊரில் மழை என்றால் லைனில் அருவி விழுவதைப் போலக் கேட்குமாம். அப்பா இறந்த செய்தி கேட்டு மறுமுனையில் அழுத ஒருவருக்காக, நேரம் முடிந்தும் லைனைத் துண்டிக்காமல் வைத்திருந்து திட்டு வாங்கியிருக்கிறார். தன் மகனிடம் இதையெல்லாம் சொன்னதுண்டா என்று கேட்டேன்.

"அவன் கேட்டதில்லை. நீயும்தான் கேட்டதில்லை."

கீழ் வரிசையின் கடைசி விளக்குக்கு வந்தோம். அதன் கீழே என்ன எழுத என்று கேட்டேன்.

"அதுல பலகை கிடையாது."

"ஏன்?"

டேப்லெட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அது உன் லைன். கடையிலேர்ந்து நீ எப்பவாவது கூப்பிட்டேன்னா எரியட்டும்னு வெச்சான். எழுதினா நீ ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடுவே, உனக்கே தெரியாம இருக்கட்டும்னு நான்தான் பலகை வேண்டாம்னேன்."

நான் அந்த விளக்கை வைத்தேன். முதலில் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டேன். எடுத்து மறுபடியும் வைத்தேன்.

கம்பி இழுப்பதுதான் எங்களை வதைத்தது. கணவர் எப்படி இழுத்திருந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒன்றை அழுத்தினால் இரண்டு எரிந்தது. நாகர்கோவிலை அழுத்தினால் கடலூர் எரிந்தது. சுவருக்குப் பின்னால் கம்பிகள் அவிழ்ந்த நூல்கண்டைப் போலக் கிடந்தன. ஒன்பதாவது நாள் சாயங்காலம் கடைசிக் குடிசையும் சரியானது. அன்று நாங்கள் இருவரும் இரவு சாப்பாட்டுக்குப் பேசாமல் தோசை வரவழைத்துவிட்டோம்.

கப்பலின் தொடர்பு திரும்பியதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் உள்ளே வந்தார். அழித்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். மாமியார், "பாக்கட்டும் முதல்ல," என்றார். நீலச் சட்டை உருவம் மலை மேல் தாவி ஏறியது. சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. பிறகு சுவரின் பின்பக்கம் போய் நின்றது.

'இந்த வயரிங் யார் பண்ணது?' என்று எழுத்து வந்தது. 'இது என்னோடது இல்ல. எந்த இன்ஜினியரும் இப்படிப் பண்ண மாட்டான்.'

நான் தட்டுவதற்கு முன் மாமியாரின் ஒற்றை விரல் முந்திக்கொண்டது.

'நாங்க ரெண்டு பேரும்.'

பதில் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. இணைப்பு போய்விட்டதா, அவரே பேசாமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை. முந்நூறு நொடி என்று எழுதிவைத்தது அவருக்காகத்தான் என்றாலும், அந்த நேரத்தில் அது எங்களுக்கும் தேவையாக இருந்தது. நாலாவது நிமிடத்தில் உருவம் அசைந்தது.

'அப்படியே இருக்கட்டும்,' என்று எழுதினார். 'நான் தொட மாட்டேன்.'

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த வெற்றிடத்தைப் பற்றிச் சொன்னபோது, கப்பலில் அதைவிடச் சின்னத் தவறுக்கு ஒரு நாள் முழுக்க நடுக்கடலில் நின்றிருக்கிறோம் என்றார். அன்றே, தினமும் விடியற்காலையில் உலகத்தை வேறொரு வட்டில் தானாகப் பிரதி எடுக்கும்படி சர்வருக்கு எழுதிவைத்தேன்.

சித்திரை வெயிலில் அவர் வீடு வந்து சேர்ந்தார். முதல் வாரம் யாரும் விளையாட்டைத் திறக்கவில்லை. ஹாலில் மூன்று பேர் குரல் இருந்தது. மாமியார் அவரிடம் டிரங்க் நிலையத்துக் கதைகளைச் சொன்னார். நான் விட்ட இடங்களை எடுத்துக்கொடுத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் கடையில் வேலை குறைவான மத்தியானம், பழக்கத்தில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு மணிக்குப் பதினாலு உள்ளே வந்திருந்தார். நாலு நிமிடம் கழித்து வேறொரு பெயர். அந்தப் பெயரை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அம்மா, உள்ள புதுசா யாரோ இருக்காங்களே?"

"என்னோட வேலை பார்த்தவ. அடையாறுல இருக்கா. முழங்கால் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எங்கேயும் வர முடியலை."

"அவங்களை யாரு சேத்தது?"

"நான்தான். இவன் கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து கொடுத்தான், என்ன தட்டணும்னு சொன்னான், நான் தட்டினேன். நீ வேலையா இருப்பே, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான் உன்னைக் கூப்பிடலை."

பில் கவுன்ட்டரில் யாரும் இல்லை. கடையின் கணினியிலிருந்தே உள்ளே போனேன். கடற்கரை மணலில் இரண்டு உருவங்கள் அலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. எதுவும் கட்டவில்லை. எழுத்தும் வரவில்லை. ஒருவேளை தொலைபேசியில் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ. அந்த உலகத்தில் சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வரும் வரைக்கும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.